தான்சானியாவின் சின்ன ஊரில் தன்னார்வலராக வாழ்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரை, பதினான்கு மாதம், வட தான்சானியாவில் பாபாட்டி என்ற ஊரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். சம்பளம் கிடையாது. தங்கவும் சாப்பிடவும் மாதாமாதம் ஒரு படித்தொகை வரும். திரும்பி வந்த நாளிலிருந்து, "அக்கா, ஒரு பத்து நிமிஷம் பேசலாமா?" என்று யாராவது கூப்பிட்டபடியே இருக்கிறார்கள். பத்து நிமிஷம் ஒரு மணி நேரமாகிறது, கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, என் பதிலையும் சேர்த்திருக்கிறேன். விசா விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறும், கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பாபாட்டியா? அது எங்க இருக்கு? சின்ன ஊர்னா எவ்வளவு சின்னது?

அருஷாவிலிருந்து டொடோமா போகும் நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் 170 கிலோமீட்டர். 2002இல் மன்யாரா மாகாணம் தனியாகப் பிரிந்தபோது இதைத் தலைமையிடம் ஆக்கினார்கள். பெயர்தான் பெரிது. பார்த்தால் நம்மூர் தாலுகா டவுன் மாதிரிதான்: ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு பெரிய சந்தை, சில பேங்குகள், சர்ச்சுகள், மசூதிகள். ஒரு பக்கம் க்வாரா மலை, மறுபக்கம் ஏரி. ஏரியில் நீர்யானைகள் உண்டு. சாயங்காலம் கரையோரம் நடக்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரித்ததற்கு அதுதான் காரணம்.

கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,300 மீட்டர். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து ஒரு ஸ்வெட்டர்கூட எடுத்துப் போகாமல், ஜூன் மாதம் மிட்டும்பா சந்தையில் (பழைய துணி விற்கும் இடம்) எவரோ ஜெர்மன்காரர் போட்டுக் கழித்த கம்பளிச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டேன். இன்னும் வைத்திருக்கிறேன்.

டூரிஸ்ட் விசால போய் வேலை செஞ்சா என்ன? சம்பளம்தான் வாங்கலையே?

செய்யாதீர்கள். சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அங்கே அது வேலைதான். தன்னார்வலர்கள், மாணவர்கள், மதப் பணியாளர்கள் போன்றோருக்கென்று 'சி' வகைக் குடியிருப்பு அனுமதி தனியாக இருக்கிறது. அதற்கு உங்களை அழைக்கும் அமைப்புதான் விண்ணப்பிக்க வேண்டும். "முதலில் டூரிஸ்டாக வாருங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓர் அமைப்பு சொன்னால், மற்ற விஷயங்களிலும் அப்படித்தான் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. போய் இறங்கியதும் தெருத் தலைவரைப் பார்த்து அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அங்கே ஒவ்வொரு தெருப்பகுதிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஒருவர் உண்டு. என்னைப் பள்ளி அலுவலர் கூட்டிப் போனார். மூன்று நிமிஷ வேலை. ஆனால் அன்றிலிருந்து தெருவில் யாரும் "இந்தப் பெண் யார்?" என்று கேட்கவில்லை.

ஊசி என்னென்ன போடணும்?

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு அட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நம்மூரிலிருந்து போகும் விமானங்களில் பல அடிஸ் அபாபா (எத்தியோப்பியா) அல்லது நைரோபி (கென்யா) வழியாகப் போகும். அந்த நாடுகளைத் தொட்டுவிட்டு அட்டையில்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அட்டை செல்லுபடியாகும், ஆகவே கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். மற்ற ஊசிகளை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுவாஹிலி கத்துக்கிட்டுத்தான் போகணுமா? இங்கிலீஷ் போதாதா?

பள்ளிக்குள் ஓரளவு போதும், வாசலைத் தாண்டினால் போதாது. தான்சானியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. பாபாட்டியைச் சுற்றி மட்டும் கோரோவா, இராக்வ், ராங்கி என்று பல இனத்தார் இருக்கிறார்கள். எல்லோரையும் ஒட்ட வைப்பது சுவாஹிலிதான். தக்காளி வாங்கவும் தண்ணீர் கேட்கவும் அதுதான் வேண்டும்.

பயப்பட ஒன்றுமில்லை. சாய் என்றால் டீ, சப்பாத்தி சப்பாத்தியேதான், பேசா என்றால் பணம், சுக்காரி என்றால் சர்க்கரை, டூக்கா என்றால் கடை. மூன்று சக்கர ஆட்டோவுக்குப் பெயரே பஜாஜி. எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. வயலில் நிற்பது ம்புங்கா, மூட்டையில் இருப்பது ம்செலே, தட்டில் இருப்பது வாலி. நெல், அரிசி, சோறு! ஒரே 'ரைஸ்' என்ற சொல்லோடு மல்லுக்கட்டும் வெள்ளைக்காரத் தன்னார்வலர்கள் இந்த மூன்றில் மாதக்கணக்காகத் தடுமாற, நான் ஒரே நாளில் தேறிவிட்டேன்.

உறவுமுறைதான் கொஞ்சம் ஆளைக் குழப்பும். காக்கா என்றால் அண்ணன், டாடா என்றால் அக்கா, பாபு என்றால் தாத்தா. மாமா என்றால் அம்மா. பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணையும், இன்னாரின் மாமா என்று பிள்ளை பெயரைச் சேர்த்துக் கூப்பிடுவார்கள். இனி இந்தப் பக்கத்தில் 'பக்கத்து வீட்டு மாமா' என்று வந்தால் மீசை வைத்த ஆளைக் கற்பனை செய்யாதீர்கள். அவர் மூன்று பிள்ளைகளின் தாய், சந்தையில் வெங்காயம் விற்பவர், எனக்குப் பாதி சுவாஹிலியைக் கற்றுக்கொடுத்தவர்.

வணக்கம் சொல்றதுல நிறைய முறை இருக்காமே?

இருக்கிறது. ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் நேரம் ஒதுக்க முடியும் என்றால் இதற்கு ஒதுக்குங்கள்.

வயதில் பெரியவரைப் பார்த்தால் நீங்கள்தான் முதலில் 'ஷிக்கமோ' என்று சொல்ல வேண்டும். அவர் 'மரஹபா' என்பார். உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்பதுதான் ஷிக்கமோவின் மூலப் பொருள் என்று சொல்வார்கள். பெரியவர் காலில் விழுந்து ஆசி வாங்கி வளர்ந்த நமக்கு அது புரியாததில்லை. சிறு பிள்ளைகள் உங்களுக்கு ஷிக்கமோ சொல்வார்கள், மரஹபா என்று ஏற்றுக்கொள்ளுங்கள். இளவட்டங்கள் தங்களுக்குள் 'மாம்போ?' என்று கேட்டு 'போவா' என்று முடித்துக்கொள்வார்கள். நான் முதல் வாரம் மரியாதையாக இருக்கட்டுமே என்று என் வயதுள்ள சக ஆசிரியை ஒருவருக்கு ஷிக்கமோ சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. முப்பத்தொரு வயதுக்காரியைப் பார்த்து யாராவது "பாட்டி, நல்லாயிருக்கீங்களா?" என்றால் எப்படி இருக்கும்?

அதோடு முடியவில்லை. வீட்டில் எல்லோரும் நலமா, வேலை எப்படி, தூங்கி எழுந்தது எப்படி என்று இருவரும் மாறி மாறிக் கேட்ட பிறகுதான் விஷயத்துக்கே வரலாம். கடையில் போய் நேராக "ஒரு கிலோ சர்க்கரை" என்றால் கொடுப்பார்கள், ஆனால் உங்களுக்கு ஏதோ கோபம் என்று நினைப்பார்கள். வீட்டு வாசலில் நின்று 'ஹோடி' என்று குரல் கொடுத்து, உள்ளேயிருந்து 'கரிபு' என்று வந்த பிறகுதான் நுழைய வேண்டும். அப்புறம் 'போலே' என்று ஒரு சொல். தடுக்கி விழுந்தவருக்குப் போலே, காய்ச்சல்காரருக்குப் போலே, சுமை தூக்கி வருபவருக்கும் வேலை முடித்து வருபவருக்கும் போலே. மன்னிப்பு இல்லை அது. "பாவம், சிரமமாப் போச்சே" என்பதற்குப் பக்கத்தில் வரும். நான் நடுத்தெருவில் சேற்றில் வழுக்கி உட்கார்ந்தபோது எதிர்ப்பக்கத்திலிருந்து ஏழெட்டுப் பேர் ஒரே குரலில் போலே சொன்னார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

மணி பாக்கறதே வேற மாதிரின்னு சொன்னாங்களே, நிஜமா?

நிஜம். சுவாஹிலி மணி, சூரியன் உதித்ததிலிருந்து தொடங்கும். நமக்குக் காலை 7 என்றால் அவர்களுக்கு மணி ஒன்று. மத்தியானம் 12 என்றால் ஆறு. இருட்டியதும் திரும்ப ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வருஷம் முழுக்க விடியலும் அந்தியும் ஏறக்குறைய ஆறு மணிக்குத்தான், கணக்கு அழகாக ஒத்துப்போகும். நம் தாத்தாக்கள் உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய மாதிரிதான்.

எனக்கு இது தெரியாமல், முதல் ஆசிரியர் கூட்டம் நாலு மணிக்கு என்று சொன்னதை நம்பி மாலை நாலு மணிக்கு நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றேன். கூட்டம் காலை பத்துக்கே, டீயும் மந்தாசியுமாக (எண்ணெயில் பொரித்த பன்) நடந்து முடிந்திருந்தது. காவலாளி மட்டும் இருந்தார். அவர் தன் கைக்கடிகாரத்தைக் காட்டி, சின்ன முள் காட்டும் எண்ணைப் பார்க்காமல் அதற்கு நேர் எதிரில் இருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னார். இதைவிடச் சுலபமான வழி கிடையாது. பஸ் டிக்கெட் வாங்கும்போது மட்டும் இரண்டு தடவை கேளுங்கள். 12 என்று எழுதியிருந்தால் அது விடிகாலை ஆறாக இருக்கலாம்.

நான் சைவம். பட்டினிதானா?

இல்லவே இல்லை. "கறி சாப்பிட மாட்டேன்" என்று மட்டும் சொன்னால் மீனோ கோழியோ வரும், ஏனென்றால் அவர்கள் கணக்கில் அது கறி இல்லை. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். கீரைக்குள்ளும் டகா என்ற பொடிக் கருவாடு ஒளிந்திருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி தினசரிச் சாப்பாடு உகாலி, அதாவது மக்காச்சோளக் களி. கூடவே ம்சிச்சா (நம்ம முளைக்கீரையின் சொந்தக்காரன்), அவரை இனப் பயறு ஒரு கிண்ணம். வலது கையால் களியை உருட்டி, கட்டை விரலால் குழி செய்து, கீரையை அள்ளி வாயில் போட வேண்டும். கேழ்வரகுக் களி தின்ற கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். காலையில் ஊஜி என்ற கூழ். அதிலும் உலேசி என்று கேட்டு வாங்கினால் அசல் கேழ்வரகுக் கூழ்தான், மோரும் சின்ன வெங்காயமும் மட்டும் இருக்காது. தெருவோரச் சாப்பாட்டுக் கடைப் பெண்களை 'மாமா ந்திலியே' என்பார்கள். அவர்களில் ஒருவர் பஸ் ஸ்டாண்டு அருகே குழிச்சட்டியில் எண்ணெய் விட்டு மாவு ஊற்றிக் குச்சியால் திருப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். பணியாரம்! அங்கே அதற்கு விட்டும்புவா என்று பெயர்.

மஞ்சள்தூள், இஞ்சி, புளி, வெண்டை, கத்திரி எல்லாம் சந்தையிலேயே கிடைக்கும். கடுகு, பெருங்காயம், உளுந்துக்கு அருஷாவின் இந்தியக் கடைகளுக்குப் போக வேண்டும். துவரைக்கு அந்தக் கவலையே இல்லை. பாபாட்டி வட்டாரமே துவரை நாடு, மக்காச்சோளத்துக்கு ஊடுபயிராக எங்கு பார்த்தாலும் ம்பாசி என்ற துவரைதான். ஆனால் உடைத்த பருப்பு இல்லை, தோலோடு முழுசாகத்தான் விற்பார்கள். ராத்திரி முழுக்க ஊற வைத்து, குக்கரில் எட்டு விசில் விட்டு, கரண்டியால் மசித்துச் சாம்பார் வைத்தேன். முதல் விசிலுக்கே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேலிக்கு ஓடி வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு மாமா சாம்பாரை ருசி பார்த்துவிட்டு, "இதை நாங்கள் விற்கத்தான் போடுகிறோம், இவ்வளவும் உங்களுக்குத்தான் போகிறதா?" என்றார். அடுத்த வாரம் ரசம் கொடுத்தபோது, "யாருக்குச் சளி?" என்று கேட்டார்.

கேஸ், கரண்ட், தண்ணி எல்லாம் எப்படி?

கேஸ் சிலிண்டர் கிடைக்கும். ஆனாலும் பாதிச் சமையல் கரி அடுப்பில்தான், குக்கரை அதன்மேல் வைத்துப் பழகிக்கொள்ளலாம். கரண்டுக்கு 'லூக்கு' என்ற முன்பண மீட்டர். போனில் பணம் கட்டினால் இருபது இலக்க எண் ஒன்று வரும், அதை மீட்டரில் அடிக்க வேண்டும். இருட்டில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பதினெட்டாவது இலக்கத்தில் தப்பு செய்த அனுபவம் அங்கு வாழ்ந்த எல்லோருக்கும் இருக்கும். பிளக் பெரும்பாலும் சதுரக் கால் உள்ள இங்கிலாந்து வகை, அடாப்டர் ஒன்று எடுத்துப் போங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். வீட்டு வாடகையை ஆறு மாதம் மொத்தமாகக் கேட்பார்கள். அமைப்பே வீடு தருகிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பிளாஸ்டிக் பை 2019 ஜூன் 1 முதல் நாட்டில் தடை. பெட்டிக்குள் சாமான் சுற்றிய கவர்கள் இருந்தால் வீட்டிலேயே எடுத்துவிட்டுப் போங்கள், மஞ்சப்பை இரண்டு வையுங்கள்.

பணம்? ஏடிஎம் இருக்கா, ஜிபே மாதிரி ஏதாவது இருக்கா?

ஜிபே வருவதற்கு வெகு முன்பே அங்கே போனில் பணம் வந்துவிட்டது. எம்-பேசா 2008லேயே தான்சானியாவில் தொடங்கியது. பேங்க் கணக்கு வேண்டாம், சாதா பட்டன் போன் போதும். தெருவுக்கு நாலு 'வக்காலா' (முகவர்) பெட்டிக்கடை உண்டு. பணத்தைக் கொடுத்தால் போனில் ஏற்றுவார், வேண்டும்போது எடுத்துத் தருவார். நம்மூர் யுபிஐ போல இலவசம் இல்லை, அனுப்பவும் எடுக்கவும் கட்டணம் உண்டு. சிம் வாங்கப் பாஸ்போர்ட்டோடு கைரேகையும் கேட்பார்கள். ஏடிஎம்களும் உண்டு. அங்கே பெரிய நோட்டு பத்தாயிரம் ஷில்லிங்தான், அதனால் கொஞ்சம் எடுத்தாலே பர்ஸ் மூடாது.

மலேரியா கண்டிப்பா வருமா?

கண்டிப்பாக இல்லை, எனக்கு வரவில்லை. ஆனால் சக தன்னார்வலர் இருவருக்கு வந்தது. வலைக்குள் தூங்குங்கள். காய்ச்சல் வந்தால் "தானாகப் போகும்" என்று காத்திருக்காமல் அன்றே ரத்தச் சோதனை செய்யுங்கள். சின்ன சுகாதார நிலையங்களில்கூட விரல் குத்திப் பார்க்கும் சோதனை இருக்கும், மருந்தும் கிடைக்கும். ஊர் திரும்பிய பிறகு சில மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் ஆப்பிரிக்கா போய்வந்ததை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஏரியில் கால் நனைக்கும் ஆசை வேண்டாம். நீர்யானை ஒரு பக்கம் இருக்கட்டும், அங்குள்ள நன்னீர் ஏரிகளில் நத்தை வழியாகத் தோலைத் துளைத்து ஏறும் புழு நோய் உண்டு.

பொண்ணு தனியா இருக்கலாமா? கல்யாணம் ஆகலையான்னு கேப்பாங்களா?

இருக்கலாம், இருந்தேன். ராத்திரி நடக்காமல் தெரிந்த ஓட்டுநரின் பஜாஜியில் வருவது, போடாபோடா என்ற வாடகை பைக்கில் ஹெல்மெட் இல்லாமல் ஏறாதது என்று நம்மூரில் செய்யும் முன்ஜாக்கிரதைதான். சுடிதார் தாராளமாகப் போடலாம். அரைக்கால் சட்டை வேண்டாம்.

கல்யாணத்தைப் பற்றிக் கேட்பார்களா? மதுரையில் என் அத்தைகள் கேட்டதைவிடக் குறைவாகத்தான் கேட்டார்கள். "ஏன் ஆகவில்லை?" என்று கேட்டால், 'படோ' என்று சொல்லுங்கள். 'இன்னும் இல்லை' என்று அர்த்தம். 'இல்லை' என்றால் கதவு மூடுகிறது, படோ என்றால் நம்பிக்கை இருக்கிறது, பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். இதைத் தமிழில் கொண்டுவர முடிந்தால் பல குடும்ப விழாக்கள் நிம்மதியாக நடக்கும்.

இந்தியான்னா அங்க மரியாதையா, வெறுப்பா?

இரண்டும் இல்லை, அல்லது இரண்டும் உண்டு. உங்களை 'முஹிந்தி' என்பார்கள், இந்தியர் என்று பொருள், திட்டு இல்லை. பல தலைமுறையாகக் குஜராத்திகள் கடை வைத்திருக்கும் நாடு என்பதால், முஹிந்தி என்றால் கடைக்காரர், பணக்காரர், வேலை வாங்குபவர் என்ற ஒரு படம் மனதில் இருக்கிறது. 1971இல் முதல் அதிபர் நியெரேரேயின் அரசு பெரிய வாடகைக் கட்டடங்களை நாட்டுடைமை ஆக்கியபோது அதில் நிறைய இந்தியர்களுடையவை, பலர் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போனார்கள். நீங்கள் டாலாடாலா வேனில் இடித்துக்கொண்டு நின்றால், சந்தையில் தானே பை தூக்கினால், அந்தப் படம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலையும். 'ம்வாலிமு' (ஆசிரியர்) என்ற பட்டம் ரொம்ப உதவும். நாட்டின் முதல் தலைவரையே அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

எனக்குக் கிடைத்த அடி வேறு இடத்திலிருந்து வந்தது. போன புதிதில் சந்தையில் ஒரு பெரியவரிடம் துவரை வாங்கினேன். "இந்தியாவா? ஏன் எங்கள் ம்பாசியை வாங்குவதை நிறுத்தினீர்கள்?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரவு உட்கார்ந்து தேடிப் படித்தேன். 2015இல் நம்மூரில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாய் தொட்டு நாமெல்லாம் புலம்பினோமே, அந்த விலையைப் பார்த்து அங்கே நிறைய விதைத்தார்கள். அடுத்த பருவம் இந்தியாவிலேயே விளைச்சல் கொட்டியது. 2017 ஆகஸ்டில் இந்தியா இறக்குமதியை வருஷத்துக்கு 2 லட்சம் டன் என்று கட்டிப்போட்டது. பாபாட்டியில் விலை சரிந்தது. நான் மதுரையில் "அப்பாடா, பருப்பு விலை குறைந்துவிட்டது" என்று சொன்ன அதே நாட்களில் அவர் மூட்டைகளை வீட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். மறுவாரம் அவரிடமே போய், போலே என்றேன். வேறென்ன சொல்ல? அவர் மரஹபா சொல்லும் குரலிலேயே அசாந்தே, நன்றி, என்றார். (2021இல்தான் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது.)

சென்னை என்றால் இப்போது இன்னும் அடையாளம் இருக்கும். தான்சானியாவிலிருந்து இங்கே சிகிச்சைக்கு வந்துபோகிறவர்கள் ஏற்கெனவே உண்டு, 2023இல் ஐஐடி மெட்ராஸ் அந்நாட்டின் சான்சிபார் தீவில் வளாகமே தொடங்கிவிட்டது.

பணம் கேட்டா என்ன பண்றது? கொடுக்கலாமா?

கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் நாலாம் படிவம் (உயர்நிலையின் நாலாம் ஆண்டு) வரை கட்டணம் இல்லை என்று 2016லேயே ஆக்கிவிட்டார்கள், ஆனால் சீருடை, நோட்டு, மதியச் சாப்பாட்டுப் பங்கு என்று செலவு இருக்கிறது. நான் முதல் மாதம் ஒரு மாணவிக்குச் சீருடை வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வாரம் வாசலில் ஆறு பேர். ஆறு பேரும் உண்மையாகவே தேவைப்பட்டவர்கள், அதுதான் கொடுமை.

அதன் பிறகு தலைமையாசிரியர், வகுப்பாசிரியர் மூலமாக மட்டும், என் பெயர் வெளியே வராமல் கொடுத்தேன். அக்கம்பக்கக் கைமாற்று வேறு கணக்கு. பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கடன் கொடுத்திருக்கிறேன், மாதக் கடைசியில் அவரிடம் வாங்கியும் இருக்கிறேன். திரும்ப வாங்கும் இடத்தில் கொடுப்பது உறவு. கல்யாணம், சாவு என்றால் தெருவே பங்கு போடும், அதில் உங்கள் பங்கும் உண்டு, தவறாதீர்கள். மற்றபடி "இந்த மாதம் இல்லை" என்று சொல்லலாம். யாரும் கோபிக்கவில்லை.

ஸ்கூல்ல பிரம்பால அடிக்கிறாங்களாமே, நீங்க எதுவும் சொல்லலையா?

அடிக்கிறார்கள். தலைமையாசிரியர் அனுமதியோடு நாலு அடி வரை என்று அங்கே விதியே இருக்கிறது, நடைமுறையில் எண்ணிக்கை அவரவர் கை. நானும் அடி வாங்கி வளர்ந்தவள்தான், என்றாலும் பார்க்கத் தாங்கவில்லை. இரண்டாவது வாரம் ஆசிரியர் அறையில் ஒரு சொற்பொழிவே நடத்தினேன். மரியாதையாகக் கேட்டார்கள், அவ்வளவுதான். வந்து பத்து நாளான ஆள் சொல்வதை நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

என் வகுப்பில் பிரம்பு கிடையாது என்று மட்டும் வைத்துக்கொண்டேன். மாணவர்கள் முதலில் என்னைத் தலையில் ஏறி மிதித்தார்கள். மூன்று மாதம் ஆனது அடங்க. பிறகு ஒரு சக ஆசிரியர், "அடிக்காமல் எப்படி வீட்டுப்பாடம் வாங்குகிறாய்?" என்று தனியாகக் கேட்டார். பள்ளி முழுக்க மாறிவிட்டதா என்றால், இல்லை.

உண்மையைச் சொல்லுங்க, நாம போறதால அங்க யாருக்காவது பிரயோஜனம் உண்டா?

இரண்டு வாரம், மூன்று வாரம் என்றால் உங்களுக்குத்தான் பிரயோஜனம். அதிலும் குழந்தைகள் காப்பகத்தில் சில வாரத் தன்னார்வம் வேண்டவே வேண்டாம். ஒட்டிக்கொள்ளும், பிரியும், திரும்ப ஒட்டிக்கொள்ளும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டார் காசு வருகிறது என்பதற்காகவே பெற்றோர் இருக்கும் பிள்ளைகளையும் காப்பகத்தில் வைக்கும் வழக்கம் பல நாடுகளில் வந்துவிட்டது. உங்களிடமே பெருந்தொகை வாங்கி அனுப்பும் ஏஜென்சிகளிடமும் எச்சரிக்கை. ஐ.நா. தன்னார்வலர் திட்டம், வி.எஸ்.ஓ. (வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் அமைப்பு) போன்றவை உங்களுக்குப் படி தருமே தவிர, உங்களிடம் பணம் கேட்காது.

என் வேலையில் ஒரே ஒரு இடத்தில் நான் தேவைப்பட்டேன். அங்கே தொடக்கப் பள்ளி முழுக்கச் சுவாஹிலியில். உயர்நிலை முதல் படிவத்தில் திடீரென்று எல்லாமே இங்கிலீஷ். ஐந்தும் ஏழும் பன்னிரண்டு என்று நன்றாகத் தெரிந்த பிள்ளை, 'சம்' என்ற சொல் புரியாமல் கேள்வியை விட்டுவிடும். தமிழ் மீடியத்தில் படித்து இன்ஜினியரிங் காலேஜில் முதல் செமஸ்டர் ஊமையாக உட்கார்ந்திருந்த எனக்கு அந்த முகம் தெரியும். நானும் இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து, கணக்குச் சொற்களுக்கு இருமொழிப் பட்டியல் ஒன்றைச் சார்ட் அட்டையில் எழுதி ஒவ்வொரு வகுப்பிலும் ஒட்டினோம். பாடம் நடத்துவதில் அவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். எனக்கு அட்டை வெட்டப் பொழுது இருந்தது, அவர்களுக்கு இல்லை. பிரயோஜனம் அவ்வளவுதான்.

எப்போ "நம்ம ஊர்"னு தோணுச்சு?

அங்கே ஒரு பழமொழி உண்டு: விருந்தாளி இரண்டு நாள், மூன்றாம் நாள் கையில் மண்வெட்டி கொடு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நாமும் சொல்வோம், அவர்கள் ஒரு நாள் குறைத்து வேலையும் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு மண்வெட்டி வர நாலு மாதம் ஆனது. ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டு மாமா ஹோடிகூடச் சொல்லாமல் உள்ளே வந்து, இடுப்புப் பிள்ளையை என் கட்டிலில் போட்டுவிட்டு, "சந்தைக்குப் போகிறேன், சாயங்காலம் வருகிறேன்" என்று போய்விட்டார். எனக்கு அன்று நாற்பது விடைத்தாள் இருந்தது.

கிளம்பும்போது என்ன கொடுக்கறது, என்ன வாங்கிட்டு வர்றது?

கங்கா வாங்குங்கள். பெண்கள் உடுத்தும் இரட்டைத் துணி, கரையில் ஒரு வாசகம் அச்சிட்டிருக்கும். நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நான் வீட்டுக்காரம்மாவுக்கு ஆசையாக நீலத்தில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பிரித்துப் படித்துவிட்டு அவர் என்னையே பார்த்தார். "வாய்தான் தலைக்கு வினை" என்ற பழமொழியாம், நம்ம "நுணலும் தன் வாயால் கெடும்" மாதிரி. முந்தின வாரம்தான் அவர் என் மின்கட்டணத்தைப் பற்றித் தெருவில் பேசியிருந்தார். நான் வேண்டுமென்றே வாங்கவில்லை என்று இன்றுவரை அவர் நம்பவில்லை.

அங்கே விட்டு வருவதற்கு: கொசுவலை, வாளி, புத்தகங்கள் எல்லாம் அடுத்த தன்னார்வலருக்கு. குக்கரைப் பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கொடுத்தேன், கேஸ்கெட் இரண்டு உபரியாக. நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். போன மாதம் ராத்திரி ஒன்பதரைக்கு அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. வீட்டில் எல்லோரும் நலமா, அம்மா நலமா, வேலை எப்படி, வெயில் எப்படி என்று முழுசாகக் கேட்டு முடித்த பிறகு, பின்னால் குக்கர் கத்த, "ம்பாசிக்கு எத்தனை விசில் சொன்னாய்?" என்றார்.